14 வாரம், ஒரு மொழி: ஹாஸ்கெல்லா, ஓகேமலா, ராக்கெட்டா?

ஒரு பட்டியலில் கொஞ்சம் எண்கள் இருக்கின்றன. அவற்றின் சராசரி வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, எத்தனை எண் இருக்கிறதோ அதனால் வகுத்தால் முடிந்தது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு.

இதை ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் ஒரு வரியாக எழுதிப் பார்த்தேன். நிரலைப் படித்து மொழிபெயர்க்கும் கம்பைலர் ஏற்கவில்லை. "ஃப்ராக்ஷனல் இன்ட் என்பதற்கு இன்ஸ்டன்ஸ் இல்லை, வகுத்தல் குறியைப் பயன்படுத்தியதால் எழுந்தது" என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. ஓகேமலில் எழுதினேன். 3, 4 என்ற இரண்டு எண்களுக்குச் சராசரி 3 என்று முணுமுணுப்பே இல்லாமல் சொல்லிவிட்டது. ராக்கெட்டில் எழுதினேன். மூன்றரை, அதுவும் துல்லியமான பின்னமாகவே வந்தது.

ஆக, முதல் சுற்றில் ராக்கெட் ஜெயித்தது, ஹாஸ்கெல் திட்டியது, ஓகேமல் பொய் சொன்னது. கடைசியில் என் வகுப்புக்கு நான் எடுத்துக்கொண்டதோ ஓகேமலை. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று சொல்கிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம்.

பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. என் மேற்பார்வையாளர் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஃபங்ஷனல் புரோகிராமிங் விருப்பப் பாடம் நடத்துகிறார். விரிவுரை அவருடையது, ஆய்வுக்கூட வகுப்பு என்னுடையது. இந்தத் தவணைக்கு முன் அவர் கூப்பிட்டு, "மொழியை நீங்களே முடிவு பண்ணுங்கள், காரணத்தை மட்டும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்றார். 14 வாரம், ஏறத்தாழ 40 பேர். முதலாண்டில் ஜாவா எழுதியவர்கள். மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் கலந்த வகுப்பு. என்னை ஒருவர் காக் என்கிறார், ஒருவர் மிஸ் என்கிறார், ஒருவர் அக்கா என்கிறார். மூன்றுக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபங்ஷன் என்பதற்குத் தமிழில் சார்பு என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல சொல்லாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். ஒரு சார்பு தரும் விடை, அதற்குள் போட்டதை மட்டுமே சார்ந்திருக்க வேண்டும். நேற்று யார் எந்த மாறியை மாற்றினார், இப்போது மணி என்ன என்பதையெல்லாம் சார்ந்திருக்கக் கூடாது. சார்புகளைக் கோத்துக் கோத்தே முழு நிரலையும் கட்டுவதுதான் இந்த வழி. இதன் வேர் 1930களில் அலோன்சோ சர்ச் உருவாக்கிய லாம்டா கால்குலஸில் இருக்கிறது; நிரல்மொழியாக முதலில் தழைத்தது 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப்.

ஹாஸ்கெல்லை எடுக்கத்தான் என் மனம் முதலில் தாவியது. காரணம் சுயநலம்: என் ஆய்வு அதில்தான். நிரலில் வகைப் பிழை (எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வருவது போன்றது) வரும்போது கம்பைலர் கொடுக்கும் செய்தி ஏன் பல நேரம் தவறான இடத்தைக் காட்டுகிறது என்பதைப் பார்க்கிறேன். ஹாஸ்கெல், ஓகேமல் போன்ற மொழிகளில் இது முழு எண், இது எழுத்துச் சரம் என்று நாம் எழுதித் தர வேண்டிய அவசியம் இல்லை, கம்பைலரே ஊகித்துக்கொள்ளும். இரண்டு இடங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் சண்டை இருக்கிறது என்று அதற்குத் தெரியும். தப்பு யார் பக்கம் என்று தெரியாது. முதலில் வந்து சொன்னவன் பேச்சை நம்பிவிட்டு, அடுத்து வந்தவனைக் குற்றவாளி ஆக்கும் பஞ்சாயத்து மாதிரி, அது படித்துக்கொண்டே போகும் வரிசையில் இரண்டாவதாக வந்த வரியைப் பிடித்து அடிக்கும். பிழை முதல் வரியில் இருந்தாலும் சரி. இந்த வழக்கத்தை மாற்ற 1980களிலிருந்து பலர் முயன்றிருக்கிறார்கள். நானும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறேன்.

40 பிள்ளைகள் ஹாஸ்கெல்லில் 14 வாரம் பிழை செய்தால் என் ஆய்வுக்கு அது புதையல். அதனால்தான் ஹாஸ்கெல்லை நானே சந்தேகப்பட்டேன். நான் மதிப்பெண் போடும் மாணவரிடம் போய், "உங்கள் பிழைகளை என் ஆய்வுக்குத் தருகிறீர்களா?" என்று கேட்டால் யார் மாட்டேன் என்பார்? மனிதர்களிடமிருந்து தரவு எடுக்க எப்படியும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், தேர்வு முடிவு வெளியான பிறகே தரவைத் தொடுவேன் என்று முதலில் எழுதி வைத்தேன். அப்புறம் ஒரேயடியாக முடிச்சை அவிழ்த்துவிட்டேன்: ஆய்வு மொழி வேறு, வகுப்பு மொழி வேறாக இருக்கலாம். இதைச் செய்த பிறகுதான் மொழிகளை நேர்மையாகப் பார்க்க முடிந்தது.

அப்படிப் பார்த்தால் ஹாஸ்கெல் எப்படி? அழகு என்றால் அழகுதான். சோம்பல் மதிப்பீடு கொண்ட மொழிகள் ஆளுக்கொன்றாகப் பெருகிக்கொண்டிருந்த காலத்தில், 1987இல் போர்ட்லாந்தில் நடந்த மாநாட்டில் கூடியவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதுதான் ஹாஸ்கெல்; மொழியை வரையறுக்கும் முதல் அறிக்கை 1990இல் வந்தது. 2001இல் டெக்சஸ் பல்கலைக்கழகம் தொடக்கப் பாடத்தில் ஹாஸ்கெல்லுக்குப் பதில் ஜாவாவைக் கொண்டுவர முனைந்தபோது, கணினி அறிவியல் முன்னோடி டைக்ஸ்ட்ரா அதை எதிர்த்துக் கடிதமே எழுதினார். கடிதம் எடுபடவில்லை.

சோம்பல் மதிப்பீடு என்றால் என்ன என்று பினாங்குப் பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம். நாசி கண்டார் கடையில் மீன் கறி, கோழி, வெண்டைக்காய் எல்லாம் காலையிலேயே சமைத்து வரிசையாக வைத்திருப்பார்கள். நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது தயார். பெரும்பாலான மொழிகள் அந்த ரகம். ரொட்டி சானாய் அப்படியில்லை. எண்ணெயில் ஊறிய மாவு உருண்டைகள் காத்திருக்கும். யாராவது கேட்டால்தான் ஒன்றை எடுத்து வீசுவார்கள். ஹாஸ்கெல் அந்த ரகம். யாரும் கேட்காத கணக்கை அது போடவே போடாது. அதனால் முடிவே இல்லாத பட்டியலைக்கூட எழுதி வைத்துக்கொண்டு முதல் பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம்: சாப்பிட்ட ரொட்டி போனது போனதுதான், ஹாஸ்கெல் ஒருமுறை சுட்டதை வைத்திருந்து அடுத்துக் கேட்பவருக்கும் அதையே தரும்.

ஆனால் உருண்டைகள் குவிந்தால்? பத்து லட்சம் எண்களை இடமிருந்து கூட்டும் 'ஃபோல்டுஎல்' என்ற சார்பை கம்பைலரின் மேம்படுத்தல் இல்லாமல் ஓட்டினால், கூட்டலைச் செய்யாமல் "பிறகு கூட்டு, பிறகு கூட்டு" என்று நினைவகத்தில் குவித்துக்கொண்டே போகும். உடனுக்குடன் கூட்டும் இன்னொரு வடிவம் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அதைத் தனியாக இறக்குமதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2024இல்தான் அது தொடக்க நூலகத்துக்குள் வந்தது. இதையெல்லாம் ஐந்தாம் வாரத்தில் சொல்ல வேண்டிவரும். சொல்லலாம்தான். ஆனால் வெண்பலகையில் ஒரு நிரலை வரிவரியாகச் சுருக்கிக் காட்டும்போது, எந்த வரி எப்போது நடக்கும் என்பதே புதிராக இருந்தால், ரிகர்ஷன் (சார்பு தன்னையே அழைப்பது) என்ற முதல் பாடமே பிள்ளைகளுக்கு நழுவிவிடும்.

பிழைச்செய்தி அதைவிடப் பெரிய தலைவலி. ஹாஸ்கெல்லில் ஒரு குறி பல வகைகளுக்குப் பொது. கூட்டல் குறி முழு எண்ணுக்கும் வேலை செய்யும், தசமத்துக்கும் செய்யும், நாளைக்கு நீங்கள் உருவாக்கும் வகைக்கும் செய்யும். அதனால் எண்ணோடு சரத்தைக் கூட்டினால், "இங்கே சரம் வரக்கூடாது" என்று அது சொல்வதில்லை. "சரத்துக்கு எண் என்ற இன்ஸ்டன்ஸ் இல்லை" என்கிறது. அந்த வகைக்கு அந்தக் குறி எப்படி வேலை செய்யும் என்று எழுதி வைக்கும் வரையறைதான் இன்ஸ்டன்ஸ். போன வருடம் ஒரு மாதிரி வகுப்பு எடுத்தபோது, ஒரு பையன் கையைத் தூக்கி, "அக்கா, அந்த இன்ஸ்டன்ஸை எங்கே டவுன்லோட் பண்றது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. செய்தியைப் படித்தவன் சரியாகத்தான் படித்திருக்கிறான். இல்லை என்றால் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதானே. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதே காரணத்துக்காக ஹீலியம் என்று மாணவர்களுக்கென்றே ஒரு ஹாஸ்கெல் கம்பைலர் செய்தார்கள். முதல் வடிவத்தில் இந்தப் பொதுக்குறி வசதியையே எடுத்துவிட்டார்கள். வைத்தியம் எங்கே என்று அதுவே காட்டிவிட்டது.

ராக்கெட்டுக்கு வருவோம். 1975இல் எம்ஐடியில் பிறந்த ஸ்கீமின் வழியில் வந்தது. 2010வரை பிஎல்டி ஸ்கீம் என்ற பெயரில் இருந்தது. கற்பித்தலுக்கென்றே மெனக்கெட்ட மொழி என்றால் இதுதான், சந்தேகமில்லை. இதனுடன் வரும் டாக்டர்ராக்கெட் என்ற கருவியில் தொடக்க மாணவர், இடைநிலை மாணவர் என்று படிப்படியாக மொழியே வளரும். தொடக்க நிலையில் தேவையற்ற வசதிகள் பூட்டியிருக்கும். அதனால் தப்பு செய்தால் வரும் செய்தியும் அந்த நிலைக்கேற்றதாக இருக்கும். எண்ணைச் சார்பு மாதிரி அழைத்தால், "திறப்பு அடைப்புக்குறிக்குப் பிறகு சார்பை எதிர்பார்த்தேன், எண் இருக்கிறது" என்று சொல்லும். நிறுவுவதும் ஒரே கோப்பு, ஐந்து நிமிட வேலை.

இவ்வளவு கவனமாகச் செய்த செய்திகளையே 2011இல் ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள்: செய்தியில் வரும் ஆர்கியுமென்ட், எக்ஸ்பிரஷன் போன்ற சொற்கள் மாணவர்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அது ஆங்கிலமே தாய்மொழியாகப் பலர் படிக்கும் அமெரிக்க வகுப்பு. இங்கே வீட்டில் ஹொக்கியன், பள்ளியில் மலாய், விரிவுரையில் ஆங்கிலம் என்று மூன்று படகில் கால்வைத்துப் படிப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? இதைப் படித்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். எந்த மொழியை எடுத்தாலும் முதல் வகுப்பில் பத்துச் சொற்களைப் பலகையில் எழுதி, மலாயிலும் மாண்டரினிலும் தமிழிலும் பொருள் போட்டுவிட வேண்டும். மாண்டரினுக்கு என் ஆய்வுக்கூடத் தோழியைப் பிடித்திருக்கிறேன்.

அப்படியானால் ராக்கெட் ஏன் தோற்றது? எங்கள் பாடத்திட்டத்தின் பாதி, வகைகளைப் பற்றியது. ராக்கெட்டின் மாணவர் மொழிகளில் ஓடும்முன் வகைச் சோதனை கிடையாது. இந்த உள்ளீட்டுக்கு இந்த வகை என்று குறிப்புரையாக எழுதி வைக்கச் சொல்வார்கள். தப்பாக எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். வகைச் சோதனையோடு டைப்டு ராக்கெட் என்று தனியே உண்டு, அதற்குப் போனால் மாணவர் மொழிகளின் அந்த அன்பான செய்திகளை விட்டுவிட்டுப் போக வேண்டும். உங்கள் பாடம் 7 வாரமோ, கணினி படிக்காத பிள்ளைகளுக்கோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு ராக்கெட் என்பேன். அடைப்புக்குறிகளைப் பார்த்து முதல் வாரம் புலம்புவார்கள். இரண்டாம் வாரம் மறந்துவிடுவார்கள்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். "பைத்தானிலேயே மேப், லாம்டா எல்லாம் இருக்கிறதே" என்று சுங்கை பட்டாணி நண்பர் ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இருக்கிறது; ஆனால் ஒரு சார்பு தன்னையே அழைத்துக்கொள்ள இயல்பான வரம்பு 1000 முறை, பட்டியலை ஒரே விடையாகச் சுருக்கும் ரெட்யூஸையோ மூன்றாம் பதிப்பில் ஒரு நூலகத்துக்குள் ஒதுக்கிவிட்டார்கள். விருந்தாளி மாதிரிதான் அங்கே இந்தப் பாணி. எல்ம் மொழியின் பிழைச்செய்திகள் நான் பார்த்ததிலேயே கனிவானவை. ஆனால் கடைசி வெளியீடு 2019இல், அதன்மேல் பாடத்தைக் கட்டத் தயக்கமாக இருந்தது. எலிக்ஸிர், அதன் அடியில் உள்ள எர்லாங் இரண்டும் வேலைக்கு நெருக்கமானவை. 2014இல் ஃபேஸ்புக் வாங்கியபோது 45 கோடிப் பேர் பயன்படுத்திய வாட்ஸ்ஆப் எர்லாங்கில்தான் ஓடியது என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அங்கே வகைகள் இப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன.

ஓகேமல். எடின்பரோவில் ராபின் மில்னர் 1970களில் தேற்றங்களை நிறுவும் கருவிக்காக உண்டாக்கிய எம்எல் மொழியின் பிரெஞ்சுப் பேத்தி. பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் 1996இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. இது நாசி கண்டார் ரகம், எழுதிய வரிசையில் கணக்கு நடக்கும். சிக்கிக்கொண்டால் நடுவில் ஒரு அச்சிடும் வரியைப் போட்டுப் பார்க்கலாம். ஹாஸ்கெல்லில் அதற்குத் தனி வழி தேட வேண்டும். தூய்மைவாதிகள் முகம் சுளிப்பார்கள். இரவு 11 மணிக்கு ஒப்படைப்பை முடிக்கப் போராடும் பிள்ளை சுளிக்காது.

முக்கியமாக, இதில் ஒரு கணக்குக் குறிக்கு ஒரே வகை. முழு எண்ணை வகுக்க ஒரு சாய்கோடு, தசமத்தை வகுக்கச் சாய்கோட்டோடு ஒரு புள்ளி. அசிங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் தசம எண்களின் சராசரியை எழுதும்போது எண்ணிக்கையை மாற்றாமல் விட்டால், அந்த எண்ணிக்கையின் அடியிலேயே கோடு போட்டு, "இது முழு எண், இங்கே தசமம் எதிர்பார்க்கப்பட்டது" என்கிறது. இன்ஸ்டன்ஸ் தேடி யாரும் போக வேண்டாம். நான் சொன்ன பஞ்சாயத்துக் கோளாறு ஓகேமலுக்கும் உண்டு. இருந்தாலும் யார் எந்த வகை என்பது தெளிவாக இருப்பதால், தவறான இடத்தைக் காட்டினாலும் இரண்டு வரி மேலே போய்க் கண்டுபிடித்துவிட முடிகிறது. தோழிகள் நான்கு பேரை உட்காரவைத்துப் பார்த்ததில் அப்படித்தான் இருந்தது. நான்கு பேர் ஆய்வாகாது என்று எனக்கே தெரியும்.

அப்புறம் வேலைக் கேள்வி. எங்கள் வகுப்பில் பலரின் அம்மாவோ அப்பாவோ பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஆலைகளில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர்கள். "இதைப் படித்தால் அங்கே என்ன வேலை?" என்று வீட்டில் கேட்பார்கள், நியாயம். நேரடி பதில்: விளம்பரங்களில் ஓகேமல் என்று தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் ஒரு கதை சொல்லலாம். 1972இல் பினாங்குக்கு வந்த இன்டெல், 1994இல் பென்டியம் சிப்பில் ஒரு பிழையால் மாட்டிக்கொண்டது. எந்தப் பிழை? வகுத்தல். சில எண்களை வகுத்தால் விடை தப்பாக வந்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். சிப்பின் கணக்கு சரி என்று கணிதமாகவே நிறுவும் வேலைக்கு அதன் பிறகு மவுசு கூடியது. அங்கே மிதவைப் புள்ளி (தசம எண்) கணக்குகளைச் சரிபார்த்த ஜான் ஹாரிசன் உருவாக்கிய எச்ஓஎல் லைட் என்ற நிறுவல் கருவி ஓகேமலில் எழுதப்பட்டது. இதனால் நாளைக்கே வேலை கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தீவின் பிழைப்புக்கும் இந்த மொழிக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால் எடுத்துவிட ஒரு கதை இருக்கிறது. ரஸ்ட் மொழியின் முதல் கம்பைலரும் ஓகேமலில்தான் எழுதப்பட்டது. ரஸ்ட் என்றால் வீட்டில் இல்லாவிட்டாலும் நேர்காணலில் புரியும்.

இன்னொன்று, கொஞ்சம் ஊர்ப்பாசம் கலந்த காரணம். பல ஆண்டுகளாக ஓகேமல் நிரல்கள் ஒரே நேரத்தில் சிப்பின் பல கோர்களில் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளில்) ஓட முடியாமல் இருந்தன. 2022 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு அதைத் தீர்த்தது. அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் சென்னை ஐஐடி ஆய்வாளர்களுக்குப் பெரிய பங்கு. இதை என் தமிழ் மாணவர்களிடம் சொல்லாமல் இருக்கப் போவதில்லை.

குறைகள்? விண்டோஸ். மாணவர்களில் பெரும்பாலோர் கையில் விண்டோஸ் மடிக்கணினிதான். ஓகேமலையும் அதன் நூலகங்களையும் நிறுவித் தரும் தொகுப்பு நிர்வாகி அதில் நேரடியாக வேலை செய்யத் தொடங்கியதே 2024இல். நிறுவல் நாளில் 40 பேர் ஒரே வைஃபையில் இறக்கினால் என்ன ஆகும் என்று எனக்கு முன்னனுபவம் உண்டு. அந்த மாலை வகுப்பு நடக்கவே இல்லை. அதனால் முதல் மூன்று வாரம் உலாவியிலேயே ஓட்டப் போகிறோம். ஓகேமலின் தளத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஒரு குறியைப் பல வகைகளுக்குப் பொதுவாக்க ஹாஸ்கெல்லில் வரும் டைப் கிளாஸ் என்ற நல்ல கருத்தைப் பிள்ளைகள் கையால் தொடாமலே போய்விடுவார்கள் என்பது இரண்டாவது இழப்பு. 13ஆம் வாரத்தில் ஒரு மணி நேரம் ஹாஸ்கெல் காட்டுவேன். இறுதியாண்டில், ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்கள் மட்டும் இருக்கும் வகுப்பு என்றால் என் கணக்கே மாறும்; அவர்களுக்கு நேராக ஹாஸ்கெல்.

இரண்டு பக்கம் எழுதச் சொன்னார், நான்கு பக்கம் கொடுத்தேன். மேற்பார்வையாளர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "3க்கும் 4க்கும் சராசரி 3 என்று சொல்கிறதே, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" அதற்குச் சமாதானம் என்னிடம் இல்லை என்றேன். ஹாஸ்கெல் திட்டியாவது நிறுத்தியது. இது சிரித்த முகத்தோடு தப்பு சொல்கிறது. முதல் ஆய்வுக்கூடத் தாளின் முதல் கேள்வியாக அதையே வைத்துவிட்டேன். பதிலைத் தாளில் போடவில்லை. தீபாவளி விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை காலை ஆய்வுக்கூடத்தில் இருப்பேன், நிறுவலில் சிக்கியவர்கள் வரலாம் என்று மட்டும் கீழே எழுதியிருக்கிறேன்.